மூன்றாம் ஓலை

எல்லை பிரித்த பிறகு என் மனைவியின் பேச்சே மாறிவிட்டது. முன்பெல்லாம் நான் கிளம்பினால் "அவர் சித்தூருக்குப் போயிருக்கார்" என்பாள். இப்போது பக்கத்து வீட்டில் "அவர் ஆந்திராவுக்குப் போறார்" என்று சொல்கிறாள். ஏதோ கப்பலேறிப் போகிறவனுக்குக் கட்டுகிற மாதிரி இரண்டு வேட்டி, ஒரு வெள்ளை அங்கி, வழிக்குப் புளிச்சோறு எல்லாம் கட்டிக் கொடுத்தாள். நானும் கப்பலேறுகிறவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு திருத்தணியில் பஸ் ஏறினேன். புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரிப்பதற்குள் அந்நிய ராஜ்யம் வந்துவிட்டது. அதே கரும்பு, அதே வேர்க்கடலைச் செடி, அதே மொட்டைப் பாறைக் குன்றுகள். சாலையோரப் பலகையில் எழுத்து மட்டும் உருண்டையாகிவிட்டது.

என் சட்டைப் பையில் ஒரு காகிதம் இருந்தது. அதுதான் பயணத்துக்குக் காரணம். எங்கள் கிறிஸ்தவச் சபைகளில் கல்யாணம் நிச்சயமானால், மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பெண் பெயரையும் மாப்பிள்ளை பெயரையும் வாசித்து, தடை ஏதாவது தெரிந்தவர்கள் எழுந்து சொல்லலாம் என்று கேட்போம். இதற்கு ஓலை வாசிப்பது என்று பெயர். ஓலை போய்க் காகிதம் வந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது, பெயர் மட்டும் போகவில்லை. பெண்ணின் சபையிலும் வாசிக்க வேண்டும், மாப்பிள்ளையின் சபையிலும் வாசிக்க வேண்டும். மாப்பிள்ளை யோவான் ரயில்வேயில் கேங்மேன், திருத்தணியில் நான் போதகராக இருக்கிற சபையைச் சேர்ந்தவன். அங்கே மூன்று முறையும் நானே வாசித்து முடித்து, அதற்கான அத்தாட்சியைத்தான் பையில் வைத்திருந்தேன். பெண் ரெபேக்காளுக்கு ஊர் பிச்சாட்டூரைத் தாண்டி ஒரு சின்னக் கிராமம். சிக்கல் அங்கேதான்.

அந்தக் கிராமமும் பதினோரு வருஷம் என் சபையாகத்தான் இருந்தது. இரண்டு ராஜ்யங்களும் கிராமங்களைப் பிரித்துக்கொண்டதைப் பார்த்து எங்கள் திருச்சபைக்கும் ஆசை வந்துவிட்டது. தமிழ்ப் போதகர் தமிழ்ப் பக்கம், தெலுங்குப் போதகர் தெலுங்குப் பக்கம் என்று காகிதத்தில் அழகாகக் கோடு போட்டார்கள். என்னைத் திருத்தணிக்குத் தூக்கினார்கள். திருத்தணியில் இருந்த தேவதானத்தை என் கிராமத்துக்குப் போட்டார்கள். தேவதானம் வேத பாடசாலையில் மூன்று வருஷம் என் பக்கத்துக் கட்டில்காரன், என் சோப்பைத் தேய்த்தே தீர்த்தவன். தாய்மொழி தெலுங்கு. அவனுக்குப் போன சபையோ ஒரு வீடு விடாமல் தமிழ் பேசுகிற சபை. கோடு போட்டவர்கள் அந்த ஊருக்குள் வந்து ஒரு டம்ளர் தண்ணீராவது கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

புறப்பட்டு வந்த நாளில் நான் ஒரு காரியம் செய்தேன். கடைசிப் பிரசங்கத்தில், "யார் வந்து என்ன சொன்னாலும் தமிழ் ஆராதனையை விட்டுக்கொடுக்காதீர்கள்" என்று மேசையைக் குத்திச் சொன்னேன். சொல்லிவிட்டு மறுவாரமே நான் தமிழ் ராஜ்யத்துக்குப் போய்ச் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டேன். ஜனங்கள் என் பேச்சை உண்மை என்று நம்பிவிட்டார்கள். இனி ஆராதனை தெலுங்கில்தான் என்று சித்தூரிலிருந்து உத்தரவு வந்த ஞாயிறு முதல், அவர்கள் கோயிலுக்கு வருகிறார்கள், உள்ளே போவதில்லை. வாசலில் இருக்கிற வேப்பமரத்தடியில் பாய் விரித்து உட்கார்ந்து தமிழில் பாடிவிட்டுப் போகிறார்கள். உள்ளே தேவதானம் தன் மனைவிக்கும் பெஞ்சுகளுக்கும் தெலுங்கில் பிரசங்கம் செய்கிறான்.

இந்த லட்சணத்தில்தான் ரெபேக்காளின் ஓலை இரண்டு ஞாயிறு வாசிக்கப்பட்டது. மேற்பார்வை ஐயருக்கு இது எட்டியது. எங்களில் போதகரை ஐயர் என்பார்கள். பல சபைகளுக்கும் போதகர்களுக்கும் மேலே உத்தரவு போடுகிறவர் மேற்பார்வை ஐயர். காலி பெஞ்சுகளுக்கு வாசித்த ஓலை செல்லாது, சபையார் உள்ளே வந்து உட்காரட்டும், மறுபடி மூன்று ஞாயிறு தெலுங்கில் கேட்கட்டும், பிறகு கல்யாணம் என்று அவர் எழுதிவிட்டார். கல்யாணம் வருகிற புதன்கிழமை. அதை அடுத்த ஞாயிறு கிறிஸ்துவின் வருகைக் காலம் தொடங்குகிறது. அப்புறம் கிறிஸ்துமஸ் கழிகிறவரை எங்களில் யாருக்கும் தாலி கட்ட மாட்டோம். யோவானின் தாயார் என் வீட்டு வாசலில் நின்று தெளிவாகச் சொல்லிவிட்டாள். "இந்தப் புதன் தாண்டிச்சின்னா நான் அரக்கோணத்துல பொண்ணு பாத்துக்கறேன் ஐயரே. உங்க சண்டைக்கெல்லாம் என் புள்ள காத்துக்கினு கெடக்க முடியாது."

மேசையைக் குத்தியவன் நான். அடி விழுந்தது அந்தப் பெண்மேல். அதனால்தான் கிளம்பினேன்.

வியாழக்கிழமை சித்தூரில் இறங்கியபோது நல்ல மழை. மேற்பார்வை அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் தமிழில் கேட்டேன், அவர் தெலுங்கில் பதில் சொன்னார். ஐயகாரு திருப்பதிக்குப் போயிருக்கிறாராம், சனிக்கிழமைதான் வருவாராம், விண்ணப்பம் இருந்தால் வைத்துவிட்டுப் போகலாமாம். "விண்ணப்பம் தமிழில் இருக்கிறது" என்றேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "எனக்கு அது மட்டும்தாங்க படிக்க வரும்" என்றார், சுத்தமான வேலூர்த் தமிழில். பாவம், புதிதாகத் தெலுங்கு கற்றுக்கொண்டு பிழைப்பை ஓட்டுகிற மனிதர். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

அன்று மத்தியானம் கடைத்தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் களி தின்றேன். கேழ்வரகுக் களி உருண்டை, நடுவில் குழி, குழியில் புளிச்ச கீரைக் கடைசல், பக்கத்தில் காரமான வேர்க்கடலைத் துவையல். எங்கள் ஊரிலும் களி உண்டு, ஆனால் இந்தத் துவையலுக்குப் பக்கத்தில் எங்களுடையது நிற்க முடியாது. உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். எனக்குச் சண்டை மேற்பார்வை ஐயரோடுதான், ஆந்திராவோடு அல்ல. பரிமாறிய அம்மாள் தெலுங்கில், "இன்னொரு உருண்டை வைக்கட்டுமா சாமி, முகம் வாடியிருக்கே" என்றாள். வாடின முகத்தோடு இன்னொரு உருண்டையும் தின்றேன்.

வெள்ளிக்கிழமை திருப்பதி பஸ்ஸில் எனக்குக் கிடைத்த இடம் ஆர்க்காட்டுக் குடும்பம் ஒன்றின் நடுவில். மலைக்கு வேண்டுதலுக்குப் போகிறார்கள். சந்திரகிரிக் கோட்டை ஜன்னலில் தெரிந்த நேரத்தில் டயர் வெடித்தது. எல்லாரும் இறங்கிச் சாலையோரம் நின்றோம். டிரைவர் மாற்று டயரைத் தட்டிப் பார்த்து, அதிலும் காற்றில்லை என்று கண்டுபிடித்தார். கோட்டையைப் பார்த்துக்கொண்டே எத்தனை நேரம் நிற்பது. பழைய ராஜாக்கள் இருந்த அரண்மனை, அவர்கள் வரைந்த எல்லைகளில் ஒன்றுகூட இப்போது யாருக்கும் ஞாபகமில்லை. இதைச் சொல்லி என்னையே தேற்றிக்கொண்டேன். பக்கத்தில் நின்ற குடும்பத் தலைவர் என் வெள்ளை அங்கி மூட்டையைப் பார்த்துவிட்டு, "நீங்க மலைக்கு வரலியா?" என்று கேட்டார்.

"நான் கிறிஸ்தவப் போதகர். எனக்குக் கீழ்த் திருப்பதியிலேயே ஒருத்தரைப் பார்க்க வேண்டியிருக்கிறது, வேண்டுதலோடுதான்."

"கொடுப்பாரா?"

"சந்தேகம்தான்."

"அப்ப கேட்டுக்கினே இருங்க. எங்க சாமியும் முதல் தடவையில குடுத்ததில்ல" என்றார். அவர் மனைவி எனக்கு இரண்டு முறுக்கு கொடுத்தாள். அந்த மூன்று நாட்களில் எனக்குக் கிடைத்த புத்திமதிகளில் அதுதான் உருப்படியானது.

திருப்பதியில் மேற்பார்வை ஐயர் ஒரு பள்ளிக்கூடத்து விருந்தினர் அறையில் இருந்தார். சென்னை ராஜ்யம் ஒன்றாக இருந்த நாளில் இவர் என்னோடு தமிழில்தான் பேசுவார். வேலூரில் படித்தவர், தமிழ்க் கீர்த்தனைகளை என்னைவிட நன்றாகப் பாடுவார். இப்போது தெலுங்கில் ஆரம்பித்தார். நான் தமிழில் பதில் சொன்னேன். கொஞ்ச நேரம் இருவரும் இப்படியே முட்டிக்கொண்டு, கடைசியில் காப்பி வந்ததும் அவர் தமிழுக்கு இறங்கினார்.

"சாமுவேல், நான் ஒண்ணும் ராட்சசன் இல்ல" என்றார். "புது ராஜ்யம். நம்ம பள்ளிக்கூடங்களுக்கு மானியம் இவங்கதான் கொடுக்கணும். எல்லையோரத்துல கிறிஸ்தவங்க தமிழ்க்கொடி பிடிக்கிறாங்கன்னு ஒரு பேர் வந்தா, யாருக்கு நஷ்டம்? அந்தக் கிராமத்துப் பிள்ளைகளுக்குத்தான்."

அதில் நியாயம் இல்லாமல் இல்லை. அதனால்தான் எனக்கு இன்னும் எரிச்சல் வந்தது.

"ஜெபம் பண்றதுக்கும் மானியத்துக்கும் என்னங்க சம்பந்தம்? சரி, அது பெரிய விவகாரம், பேசித் தீர்ப்போம். அந்தப் பொண்ணு கல்யாணத்தை எதுக்குப் பிடிச்சு வச்சிருக்கீங்க?"

"நான் பிடிச்சு வைக்கலை. சட்டம் பிடிச்சு வச்சிருக்கு. ஓலை சபையார் கேட்க வாசிக்கப்படணும். பெஞ்சு கேட்டா போதாது. அவங்க உள்ளே வரட்டும், எல்லாம் சரியாகும்."

"அதாவது, கல்யாணத்தைக் காட்டி உள்ளே இழுக்கறீங்க."

அவர் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். "நீர் மேசையைக் குத்திட்டு ஓடிட்டீர். மிச்சத்தை நான்தானே பாக்கறேன்."

அது சுருக்கென்று தைத்தது. தைத்த இடத்தைத் தடவிக்கொண்டு எழுந்தேன். "ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் ஓலை வாசிக்கப்படும். புதன்கிழமை கல்யாணம். முடிஞ்சா வந்து தடை சொல்லுங்க" என்றேன். "வர்றேன்" என்றார் அவர்.

சனிக்கிழமை முழுவதும் பயணத்திலேயே கழிந்தது. புத்தூர்வரை ஒரு பஸ், அங்கிருந்து பிச்சாட்டூருக்கு இன்னொன்று. இரண்டாவது பஸ்ஸில் ஆட்டுக்குட்டிகள் உட்கார்ந்து வந்தன, நான் நின்றுகொண்டு வந்தேன். புதிதாகக் கட்டிய ஏரி நிரம்பி, ஆரணியாற்றில் தண்ணீர் சாலைக்கு மேலே ஓடியது. கண்டக்டர் இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டி, ஆழம் பார்த்துவிட்டு வந்து, "நடக்கறவங்க நடக்கலாம், நடக்க முடியாதவங்க புத்தூருக்கே போலாம்" என்று தெலுங்கிலும் தமிழிலும் அறிவித்தார். செருப்பைக் கையில் பிடித்து, அங்கியைத் தலைமேல் வைத்து, முழங்கால் தண்ணீரில் நடந்தேன். கூட வந்த ஒரு கிழவர், "ஐயரே, உங்க மோசே கடலைப் பிளந்தாராமே, நீங்க ஒரு ஓடையை நிறுத்தக் கூடாதா?" என்று கேட்டார். நான் பதவியில் சின்னவன் என்று சொல்லிவைத்தேன்.

சாயங்காலம் ஊருக்குள் நுழைந்ததும் ரெபேக்காளின் தாய் மார்த்தாள்தான் முதலில் பார்த்தாள். கணவனை இழந்தவள், கூலி வேலை செய்து மூன்று பிள்ளைகளை ஆளாக்கியவள். களையெடுத்த சேற்றோடு வரப்பிலிருந்து ஏறி வந்தாள்.

"இன்னா ஐயரே, எளைச்சிப் பூட்டீங்க. அந்தப் பக்கம் சோறு போடறதில்லியா?"

"மார்த்தாள், ஒண்ணு கேக்கறேன். நீங்கள்லாம் நாளைக்கு ஒரு நாள் உள்ளே போய் உக்காந்தா என்ன? பொண்ணு கல்யாணம் முக்கியமில்லையா?"

சொல்லும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்களா கேக்கறீங்க?" என்றாள். "உள்ள போனா அது ஒரு நாளா இருக்காது ஐயரே. எங்க நைனா காலத்துல ஊர்க் கெணத்துல தண்ணி மொள்ள வுடலை. மத்தவன் வெரட்டினப்ப, எங்களுக்குன்னு இந்தக் கோயிலைக் கல்லு சொமந்து கட்டினோம். கட்டினவங்க எந்தப் பாஷையில அழணும்னு சித்தூர்லேர்ந்து ஒருத்தர் சொல்றாரு. என் பொண்ணுகிட்டயும் கேட்டுட்டேன். நீ உள்ள போனா எனக்குக் கண்ணாலமே வேணாம்மான்னு சொல்லிட்டா."

வீட்டு நிழலில் நின்ற ரெபேக்காள் தலையை நிமிர்த்தியே நின்றாள். கண் மட்டும் சிவந்திருந்தது.

தேவதானத்தின் வீட்டில் அன்று எங்களுக்குள் வாய்ச்சண்டை. பதினைந்து வருஷ நட்பில் நாங்கள் சோப்புக்காகவும் பைபிள் சங்கீதங்களின் அர்த்தத்துக்காகவும் சண்டை போட்டிருக்கிறோம், இப்படிப் போட்டதில்லை.

"நீ ஏன்யா அந்த உத்தரவை வாங்கிக்கினு தலையாட்டினே?" என்றேன்.

"தலையாட்டாம என்ன செய்ய? நான் தெலுங்குவாண்ணி. நான் தமிழ்ல பண்றேன்னு நின்னா, அவனுக்கு இங்க வேலை எதுக்கு, வேற ஊருக்குப் போடுன்னு மேற்பார்வை ஐயர் சொல்லுவாரு. போட்டுட்டா இவங்களுக்கு யாரு? கதவைப் பூட்டிடுவாங்க." அவன் தமிழில் தெலுங்கு வாடை எப்போதும் உண்டு. அன்று கொஞ்சம் அதிகமாக அடித்தது. "நீ பேசி இவங்களை மரத்தடிக்கு அனுப்பிட்டுப் போயிட்டே. நான் தினம் இந்த மரத்தைத் தாண்டிப் போய்க் காலி பெஞ்சுக்குப் பிரசங்கம் பண்றேன் சாமுவேலு. எட்டு வாரம். அது எப்படி இருக்கும்னு நீ பார்த்தியா?"

பார்க்கவில்லை. நண்பனைக் கோழை என்று திருத்தணியில் உட்கார்ந்தபடி நினைத்துக்கொண்டிருந்தேன். தனியாக நின்று வேலை செய்கிறவனைத் தூரத்திலிருந்து கோழை என்பது சுலபம். அதை அவனிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவன் மனைவி மீன் குழம்பு ஊற்றினாள், ஏரி மீன், நல்ல புளிப்பு.

சாப்பிடும்போது தேவதானம் தானாகவே சிரித்தான். "முதல் ஓலை வாசிச்சப்ப ஒரு தப்பு பண்ணிட்டேன் தெரியுமா? மாப்பிள்ளை நைனா பேரு யாக்கோபு. நான் ஈசாக்குன்னு வாசிச்சுட்டேன். யாரும் சொல்லலை. பெஞ்சுதானே இருந்துச்சு. அடுத்த வாரம் சத்தமில்லாம சரியா வாசிச்சுட்டேன்."

ஞாயிறு காலை தூறல். ஆனாலும் வேப்பமரத்தடியில் ஊரே உட்கார்ந்திருந்தது. சாக்கைத் தலையில் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு பாடினார்கள். ஆராதனை தொடங்கும் நேரத்துக்கு மேற்பார்வை ஐயரின் ஜீப் வந்தது. அவர் மரத்தடியைப் பார்க்காமல் உள்ளே போய் முன் பெஞ்சில் உட்கார்ந்தார். நான் பின் பெஞ்சு. நடுவில் பன்னிரண்டு பெஞ்சுகள் காலி.

தேவதானம் தெலுங்கில் ஜெபித்தான், தெலுங்கில் வேதம் வாசித்தான். ஓலை வாசிக்கிற நேரம் வந்தது. காகிதத்தை எடுத்தான். பீடத்திலிருந்து இறங்கினான். மேற்பார்வை ஐயரைத் தாண்டி, என்னைத் தாண்டி, நேரே நடந்து போய் வாசற்படியில் நின்றான். முகம் மரத்தைப் பார்த்து இருந்தது. வெளியே பாட்டு நின்றது.

தமிழில் வாசித்தான். யோவான், யாக்கோபின் மகன். ரெபேக்காள், மார்த்தாளின் மகள். இது மூன்றாம் முறை. "தடை தெரிஞ்சவங்க யாராவது இருந்தா எழுந்து சொல்லுங்க" என்றான்.

மேற்பார்வை ஐயர் எழுந்தார். வாசலுக்கு வந்து தெலுங்கில், எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். "தடை இருக்கிறது. இது மூன்றாவது அல்ல. முதல் இரண்டையும் சபையார் யாரும் கேட்கவில்லை. கேட்காத ஓலை ஓலையே அல்ல."

நான் வாயைத் திறப்பதற்குள் மரத்தடியில் மார்த்தாள் எழுந்தாள். தலையிலிருந்த சாக்கை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். தெலுங்கில் ஆரம்பித்தாள். சுத்தமான கோயில் தெலுங்கு, தேவதானம் இழுக்கிற இடத்தில் இழுத்து, அவன் இருமுகிற இடத்தில் ஒரு இருமலும் இருமி, முதல் ஓலையை முதலிலிருந்து கடைசிவரை சொன்னாள். ஈசாக்கின் மகன் யோவான் என்றாள். ஒரு நொடி நிறுத்தி, "அது மொத வாரம் ஐயர் தப்பா சொன்னது. மாப்பிள்ளை நைனா பேரு யாக்கோபு" என்று தமிழில் சொல்லிவிட்டு, மறுபடி தெலுங்குக்குப் போய் இரண்டாம் ஓலையைச் சரியான பெயரோடு சொல்லி முடித்தாள். பின்னால் இருந்த பெண்கள் கடைசி வரியைக் கூடவே சொன்னார்கள்.

மேற்பார்வை ஐயர், "இவ்வளவு தெலுங்கு தெரிஞ்சா உள்ளே வர்றதுக்கு என்ன?" என்றார். இதைத் தமிழில் கேட்டார்.

"தெலுங்கு தெரியாதுன்னு யாரு சொன்னது ஐயரே" என்றாள் மார்த்தாள். "சந்தையில பேசறோம், ஆஸ்பத்திரியில பேசறோம், எங்க புள்ளைங்க பள்ளிக்கூடத்துல படிச்சிக்கினு கீறாங்க. நல்ல பாஷைதான். ஜன்னல் தொறந்து கெடக்கு, எல்லாத்தையும் கேட்டுக்கினுதான் இருந்தோம். சாமிகிட்ட பேசறதுக்கு மட்டும் எங்க வாயி எங்களுக்கு வேணும்."

தேவதானம் தொண்டையைச் செருமிக்கொண்டான். "வேற ஏதாவது தடை இருக்கா?" என்று தெலுங்கில் கேட்டான். தமிழிலும் கேட்டான். கேட்டுவிட்டு, மேற்பார்வை ஐயரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். எட்டு வாரம் தலையாட்டினவன் அன்று இமையைக்கூட ஆட்டவில்லை.

மேற்பார்வை ஐயர் குடையை எடுத்துக்கொண்டு ஜீப்புக்கு நடந்தார். ஏறும்போது, "இதைப் பற்றி எழுதுவேன்" என்றார். எழுதுவார். தேவதானத்தை வேறு ஊருக்குப் போட்டாலும் போடுவார். அது எங்கள் எல்லாருக்கும் தெரிந்துதான் இருந்தது. ரெபேக்காள் தாயின் கையிலிருந்த சாக்கை வாங்கி அவள் தலையில் மறுபடி போட்டுவிட்டாள்.

மிச்ச ஆராதனையை வாசற்படியிலேயே நடத்தினோம். தேவதானம் தமிழில் ஜெபம் பண்ண, நான் எனக்குத் தெரிந்த ஓட்டைத் தெலுங்கில் ஆசீர்வாதம் கூறினேன். மரத்தடியில் சிரித்தார்கள். சிரிக்கட்டும், கெட்டுப்போகவில்லை.

பிறகு உள்ளே போய்ப் பதிவேட்டைத் திறந்தோம். மூன்றாம் ஓலைக்கு நேரே, தடை சொன்னவர் பற்றி எழுதுகிற இடத்தில், தேவதானம் பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தான். பிறகு, "ஒரு தடை சொல்லப்பட்டது, சபையார் கேட்க அது தள்ளுபடியாயிற்று. கல்யாணம் புதன்கிழமை" என்று அழகான உருண்டை எழுத்தில் எழுதினான்.

"இதை மட்டும் ஏன்யா தெலுங்குல எழுதினே?" என்று கேட்டேன்.

"உத்தரவு அப்படித்தானே" என்றான் தேவதானம், மையை ஊதிக்கொண்டே. "அவருக்குப் படிக்கக் கஷ்டமா இருக்கக் கூடாது."